சீற்றுக்கு அடியிலிருந்து டிக்கிக்கு: அம்ப்ளிஃபயரை இடம் மாற்றிய அனுபவம்

போன ஞாயிற்றுக்கிழமை திருகோணமலையிலிருந்து கந்தளாய் வரை போய் வந்தோம். உச்சி வெயில், ஏசி முழு வேகத்தில், பின் சீற்றில் அப்பா. பழைய நாதஸ்வரக் கச்சேரி ஒன்றில் தவில் தனியாவர்த்தனம் தொடக்கத்திலிருந்து கடைசித் தீர்மானம் வரை ஓடி முடிந்தது. ஒரு இடத்திலும் சத்தம் அறுபடவில்லை. இரண்டு மாதமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டினேன். அளவுகளும் செலவும் மறந்து போவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

கார் பழைய 110 ரக டொயோட்டா கொரோலா. அம்ப் (அம்ப்ளிஃபயர்) நான்கு சனல், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சனலுக்கு 50 வாட். முன் கதவு ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் இரண்டு சனல். மற்ற இரண்டையும் சேர்த்து டிக்கியில் இருக்கும் 10 அங்குல சப் வூபருக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கருக்கு, 150 வாட். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில் பூட்டியது. அம்பை முன் இடப்பக்கச் சீற்றுக்கு அடியில் கார்பெற்றின் மேல் அப்படியே வைத்து, இரண்டு ஸ்குரூ அடித்துத் தந்தார்கள். அந்த நேரம் எனக்கும் அது நல்ல இடமாகத்தான் தெரிந்தது. கண்ணில் படாது, வயர் குறைவு.

போன மார்கழி மழையோடு பிரச்சினை தொடங்கியது. இடப்பக்கக் கார்பெற் ஈரமாகும். சத்தத்தைக் கூட்டினால் அம்பின் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடும், ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே வரும். மழைத் தண்ணீர்தான் உள்ளே வருகிறது என்று கதவு ரப்பரை 2,200 ரூபா கொடுத்து மாற்றினேன். ஈரம் நிற்கவில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்க, துணி அரை மணித்தியாலத்தில் காயும் நாட்களிலும் அந்தக் கார்பெற் மட்டும் நனைந்தே கிடந்தது. அப்போதுதான் ஏசியை யோசித்தேன். ஏசித் தண்ணீர் வெளியே போகும் சின்ன ரப்பர்க் குழாய் தூசியும் இலைத்துகளும் சேர்ந்து அடைத்துப் போயிருந்தது. காருக்கு அடியில் படுத்து மெல்லிய கம்பியை விட்டுக் குத்தியதும், ஒரு கோப்பைத் தண்ணீர் கறுப்பாக முகத்தில் கொட்டியது. செலவு இல்லாத வேலை. அதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

ஈரம் நின்றது. ஆனால் சிவப்பு விளக்கு நிற்கவில்லை. அம்ப் எரிந்துவிட்டது, புதிது 42,000 என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். காசு கொடுக்கும் முன் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். இந்தப் பிரச்சினை உள்ள எவரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அம்பையும் பற்றரியையும் கழற்றி விறாந்தையில் வைத்தேன். இரண்டு அடி நீளத் தடித்த வயர், நடுவில் 20 அம்பியர் பியூஸ். அம்பை எழுப்புவதற்கு ரிமோட் முனையை ஒரு சின்ன வயரால் பற்றரியின் பொசிற்றிவோடு தொடுத்தேன். பாட்டுக்கு கைத்தொலைபேசி, கேட்க ஒரு ஸ்பீக்கர். இரண்டு மணித்தியாலம் ஓடியது. விளக்கு பச்சையாகவே இருந்தது. அம்பில் ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் குறை வயரில். மறுபடி காரில் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, நல்ல சத்தத்தில் வைத்து அளந்தேன். பற்றரியில் 13.9 வோல்ட். அம்பின் முனைகளில் 11.6. இடையில் 2.3 வோல்ட் எங்கேயோ காணாமல் போகிறது. தவில்காரர் தொப்பியில், அதாவது தவிலின் கனத்த ஒலி தரும் பக்கத்தில், ஓங்கி ஒரு அடி விழுத்தும் கணத்தில் அம்பின் வோல்ட் இன்னும் கீழே இறங்கும், அம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

பியூஸ் கூட்டைத் திறந்தேன். கண்ணாடி பியூஸ் போடும் மலிவான பிளாஸ்டிக் கூடு, ஒரு பக்கம் பழுப்பாக உருகியிருந்தது. அம்பின் பொசிற்றிவ் முனையில் வயரை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. இழைகள் மேல் பச்சைக் களிம்பு, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்கிறது. உள்ளே தள்ளி, நல்லாக இருக்கும் இடத்தில் ஒரு இழையை பிளேட்டால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் மின்சாரத்தைச் செம்பு அளவுக்குக் கடத்தாது, ஒரே தடிப்பில் அதன் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். அதுகூடப் பரவாயில்லை. கடலிலிருந்து முந்நூறு மீற்றரில் இருக்கும் எங்கள் வீட்டில் கதவுக் கொண்டியே வருடத்துக்கு ஒரு தரம் துருப்பிடிக்கும். முலாம் விட்டுப்போன அலுமினியத்தை உப்புக் காற்றும் ஏசித் தண்ணீரும் சேர்ந்து என்ன செய்யும் என்று அந்தப் பொடியைப் பார்த்தால் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் கழற்றி, அம்பையும் இடம் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கே வைப்பது? டிக்கித் தரையில் வைத்தால் நிலாவெளியில் மீன் வாங்கி வரும் நாளில் ஐஸ் தண்ணீர் ஊறும். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் தலைகீழாகத் தொங்கவிடலாம், ஆனால் வெயிலில் நிற்கும் காரில் மிகவும் சூடேறும் தகரம் அதுதான், சூடு மேலே எழுந்து அம்புக்குள்ளேயே தங்கும். கடைசியில் பின் சீற்றின் முதுகுப் பக்கத்தை எடுத்தேன். டிக்கிக்குள் நிலைகுத்தாக, தரையிலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில். அம்பின் அளவு 33க்கு 26, தடிப்பு 5.5 சென்ரிமீற்றர். 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் 60க்கு 45 துண்டு வெட்டினேன். வெட்டிய ஓரங்களுக்கு மூன்று தரம் வார்னிஷ். ஓரத்தால்தான் பிளைவுட் ஈரம் குடிக்கும். அம்பின் சூட்டுச் செதில்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி வைத்து, எல்லாப் பக்கமும் குறைந்தது நான்கு விரல் இடைவெளி விட்டேன். அம்பின் உடல் காரின் இரும்பில் எங்கும் தொடக் கூடாது என்பதற்கும் பலகை உதவுகிறது.

ஒரு எச்சரிக்கை. பெற்றோல் தாங்கி இருப்பது பின் சீற்றுக்கு நேர் கீழே. அந்தப் பகுதியில் எங்கே துளை போடுவதானாலும் முதலில் காருக்கு அடியில் போய் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ட்ரில்லைக் கையில் எடுக்க வேண்டும். நான் பலகைக்கு ஒரு புதுத் துளையும் போடவில்லை. சீற் முதுகுச் சட்டத்தில் ஏற்கனவே இருந்த நான்கு ஓட்டைகளுக்குள் போல்ற் விட்டு இறுக்கினேன்.

வயரின் நீளத்தை அளக்க மீன்பிடி நைலோன் கயிறு எடுத்தேன். அளவுநாடா வளைவுகளில் பொய் சொல்லும். பற்றரியிலிருந்து எஞ்சின் சுவர், அங்கிருந்து கதவோரச் சட்டம், பின் சீற் ஓரம், டிக்கி, அம்ப் என்று கயிற்றைப் போட்டு எடுத்து அளந்தால் 5.2 மீற்றர். தடிப்புக்கு இப்படிக் கணக்குப் போட்டேன். அம்ப் தரும் 250 வாட்டுக்கு, சூடாக வீணாவதையும் சேர்த்தால் 400க்கு மேல் உள்ளே வாங்கும், அது சுமார் 30 அம்பியர். 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் மீற்றருக்கு ஒரு மில்லி ஓமுக்குச் சற்று மேல். 5.2 மீற்றருக்கு முப்பது அம்பியர் ஓடினாலும் இழப்பு 0.17 வோல்ட்தான். அதுவே போதும். ஓடியோக் கடையில் எல்லாம் சேர்த்துக் கட்டிய கிட்டாகத்தான் இருக்கிறது, நான் மின்சாரச் சாமான் கடையில் ‘16 ஸ்குயர்’ என்று கேட்டு, நுனியைச் சுரண்டிப் பார்த்து, 6 மீற்றர் வாங்கினேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, அவரே பிளேட் எடுத்துத் தந்தார்.

முதலில் பற்றரியின் நெகற்றிவைக் கழற்றி ஒரு துணியால் சுற்றி வைத்தேன். எஞ்சின் சுவரில் ஏற்கனவே வயர்க் கட்டு போகும் பெரிய ரப்பர் வளையத்தின் ஓரத்தில் சின்னத் துளை குத்தி, உடுப்பு மாட்டும் கம்பியை நிமிர்த்தி உள்ளே விட்டு, அதன் கொக்கியில் வயரைக் கட்டி இழுத்தேன். ரப்பர் இல்லாமல் வெறும் தகர ஓட்டை வழியே இந்த வயரைக் கொண்டு போகவே கூடாது. தகரம் உறையை அறுத்தால் பற்றரி நேரடியாகக் காரின் உடலோடு சேர்ந்து தீப்பிடிக்கும். அதனால்தான் பியூஸும் பற்றரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அரை மீற்றருக்குள் என்பார்கள், நான் 25 சென்ரிமீற்றரில் வைத்தேன். 40 அம்பியர் தட்டை பியூஸ், மூடியுள்ள கூடு, போல்ற்றால் இறுக்குவது.

கதவோரப் பிளாஸ்டிக்கைக் கழற்றும்போது இரண்டு பக்கமுமாக நான்கு கிளிப் உடைந்தது. பழைய காரில் பிளாஸ்டிக் காய்ந்து போயிருக்கும், காலை வெயிலில் கொஞ்சம் சூடான பிறகு கழற்றினால் குறைவாக உடையும் என்று பிறகுதான் தெரிந்தது. பவர் வயர் பற்றரி இருக்கும் பக்கம், முன்னால் இருக்கும் பாட்டு செட்டிலிருந்து வரும் சிக்னல் வயரும் ரிமோட் வயரும் எதிர்ப் பக்கம். கதவு ஸ்பீக்கர்களுக்குப் பழைய வயர் டிக்கி வரை எட்டாது, 1.5 சதுர மில்லிமீற்றரில் புதிதாக இழுத்தேன்.

ஏர்த்தில்தான், அதாவது அம்பின் நெகற்றிவைக் காரின் இரும்போடு சேர்க்கும் இடத்தில்தான், பெரிய பிழை விட்டேன்.

டிக்கிக்குள் சீற் கொண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகரக் கொளுவி, அதில் தயாராக ஒரு போல்ற். அதைக் கழற்றி ஏர்த் லக்கை (வயர் நுனியில் அழுத்திப் பூட்டும், போல்ற் போக ஓட்டையுள்ள உலோக முனை) மாட்டி இறுக்கினேன். வயர் 30 சென்ரிமீற்றர்தான், பார்க்க அழகாக இருந்தது. பாட்டுப் போட்டேன், சிவப்பு விளக்கு வரவில்லை. ஆனால் எஞ்சினை எழுப்பியதும் ஸ்பீக்கரில் நுளம்பு காதுக்குள் வந்த மாதிரி ஒரு கீச்சுச் சத்தம், அக்சிலரேற்றரில் காலை அழுத்த அழுத்த அதுவும் ஏறியது.

சிக்னல் வயரில்தான் பிழை என்று இரண்டு மாலைப்பொழுது போனது. வழியை மாற்றினேன். ஏர்த் சத்தம் தடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை 950 ரூபாவுக்கு வாங்கிப் போட்டேன். கீச்சு குறைந்தது, ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் கடதாசிப் பெட்டியைத் தட்டுவது போலாகிவிட்டது. அந்தக் கனம்தான் எனக்கு வேண்டியது. கழற்றி எறிந்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அண்ணா வந்தார். மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவர். டிக்கிக்குள் தலையை விட்டு, ஏர்த் லக்கை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார்.

“இதை ஏர்த் எண்டு ஆர் சொன்னது தம்பி? பெயின்ற்றுக்கு மேல லக்கை வச்சு இறுக்கியிருக்கிறாய். போல்ற்றின்ர மரையாலதான் கரண்ட் போகுது. அதோட இந்தத் தகரமும் ரெண்டே ரெண்டு பொட்டு வெல்டிங்கில நிக்குது.”

வோல்ட் அளக்கும் மீற்றரை எடுத்தோம். அதன் கம்பி எட்டாததால் ஆறு மீற்றர் மெல்லிய வயரைப் பற்றரி நெகற்றிவிலிருந்து டிக்கி வரை நீட்டி, சத்தமாகப் பாட்டு ஓடும்போது ஏர்த் லக்கில் தொட்டோம். 0.42 வோல்ட். சரியான ஏர்த்தில் இது பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். செட்டின் ஏர்த்துக்கும் அம்பின் ஏர்த்துக்கும் இப்படி இடைவெளி இருந்தால் அந்த வித்தியாசம் சிக்னல் வயரின் வெளிக் கம்பிப் பின்னல் வழியே ஓடும், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்ரர்னேற்றரின் துடிப்பு பாட்டோடு கலக்கும். நான் இரண்டு மாலை துரத்திய கீச்சு அதுதான்.

“படகு ஃபைபர் எல்லே, அதில ஏர்த் பிடிக்க இரும்பு உடம்பே இல்லை. ரெண்டு வயரும் பற்றரிக்குத்தான் திரும்பிப் போகும். அதால வயர் முனைதான் எங்களுக்குச் சீவன். உப்பு முதல்ல தின்னுறதும் அதைத்தான்,” என்றார்.

அவர் சொன்னபடி மறுபடி செய்தேன். இடப்பக்கப் பின் சில்லின் அப்சோபர் மேல் முனை வந்து நிற்கும் தடித்த இரும்புக்குப் பக்கத்தில் இடம் பார்த்தோம். மறுபக்கம் தாங்கியோ பிறேக் குழாயோ இல்லை என்று அடியில் போய்ப் பார்த்துவிட்டு 8 மில்லிமீற்றர் துளை. (சீற் பெல்ற் போல்ற்றை இதற்குப் பாவிக்கும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள், அது உயிர் காக்கும் போல்ற்.) துளையைச் சுற்றி ஐந்து ரூபாக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய வட்டம், முதலில் 80 நம்பர் சாண்ட் பேப்பர், அப்புறம் 180. வெளிப் பெயின்ற் போகும், அதற்குக் கீழே சாம்பல் நிறப் பூச்சு ஒன்று வரும். அதோடு நிறுத்திவிடத் தோன்றும், ஏனென்றால் அதுவும் இரும்பு மாதிரித்தான் தெரியும். மீற்றரின் முனையை வைத்தால் தெரிந்துவிடும். அதற்கும் கீழே, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக வரும் இரும்புதான் வேண்டியது. லக்கைப் பளபளப்பின் மேல் நேரடியாக வைத்து, அதன் மேல் பல்லுள்ள வொஷர், அடியில் பெரிய வொஷரும் பூட்டு நட்டும். இறுக்கிய பிறகு லக்கைக் கையால் திருகிப் பார்த்தால் அசையக் கூடாது. எல்லாம் முடிந்த பின்தான் மேலாலும் கீழாலும் துரு தடுக்கும் பெயின்ற், அது காய்ந்ததும் படகுக் கிறீஸ் ஒரு விரல். முதலில் கிறீஸ் பூசிவிட்டு லக்கை வைப்பது பிழை.

லக்குகளையும் மாற்ற வேண்டியிருந்தது. நான் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தேன். அண்ணா ஒன்றைப் பிடித்து இழுத்ததும் கழன்று வந்தது. அவரிடம் இருந்த ஹைட்ரோலிக் கைக்கருவியால் ஆறையும் புதிதாக அழுத்தினோம். எண்ணெய் பம்ப் மாதிரி நான்கைந்து தரம் கைப்பிடியை அடித்தால் செம்பும் லக்கும் ஒரே கட்டியாகிவிடுகிறது. அதன் மேல் உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாய், சூடு காட்டினால் ஓரத்தில் பசை மெல்லிய வளையமாகக் கசியும். அந்த வளையம் முழுதாக வந்தால் உப்புக் காற்று உள்ளே போக வழியில்லை.

திரும்ப அளந்தோம். ஏர்த்தில் 0.03 வோல்ட். பற்றரியில் 13.9 இருக்கும்போது அம்பில் 13.7. எஞ்சினை எழுப்பி, பாட்டை நிறுத்தி, சத்தத்தை மட்டும் கூட்டிவிட்டுக் காதைக் கதவு ஸ்பீக்கரில் வைத்தேன். காலை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. வெளியே காகம் கத்துவது கேட்டது.

அம்ப் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயின் திருகியை முன்பு காதால் கேட்டுத்தான் வைப்பேன். இம்முறை மீற்றரால். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரிக்கும் வடிகட்டிகளை நிறுத்தி, செட்டில் சத்தத்தை முக்கால் அளவில் வைத்து, ஒரே சுருதியில் ஓடும் சோதனை ஒலியைப் போட வேண்டும். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் வரும். 50 வாட், 4 ஓம் என்றால் 14.1. என் கதவு ஸ்பீக்கர்கள் தாங்குவது 45 வாட், அதனால் 13.4இல் நிறுத்தினேன். சப் பக்கம் 24.5. என் மீற்றரின் கடதாசியில் ஏசி வோல்ட்டை 400 ஹேர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும் என்று இருந்ததால் கதவுக்கு 100 ஹேர்ட்ஸ், சப்புக்கு 50 ஹேர்ட்ஸ் ஒலி எடுத்தேன். பிறகு வடிகட்டிகளை மறுபடி போட்டு, 80 ஹேர்ட்ஸுக்கு மேல் கதவுக்கு, கீழ் சப்புக்கு என்று பிரித்தேன்.

செலவு: வயர் 6,900, லக் ஆறும் 720, பியூஸும் கூடும் 1,450, சிக்னல் வயர் 1,900, ஸ்பீக்கர் வயர் 1,920, பிளைவுட்டும் வார்னிஷும் 1,300, சுருங்கும் குழாய், நெளி குழாய், கட்டும் பட்டி எல்லாம் 1,650, போல்ற் வொஷர் சாண்ட் பேப்பர் 380, கிளிப் 240. இதோடு கதவு ரப்பரும் அந்தச் சின்னப் பெட்டியும் 3,150. எல்லாமாக 19,610 ரூபா. அண்ணா காசு வாங்கவில்லை. கிறீஸ் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த முறை செய்வதென்றால் வெறும் செம்புக்குப் பதில், படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குவேன். விலை கூட, ஆனால் முனையில் களிம்பு ஏறுவது மிகக் குறைவு. டிக்கி மூடியிருப்பதால் சூடு பற்றியும் யோசனை இருந்தது. கந்தளாயிலிருந்து திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்து செதிலில் கை வைத்தேன், சூடுதான், ஆனால் கையை எடுக்கத் தேவையில்லை. சீற்றுக்கு அடியில் இருந்தபோது தொட முடியாது.

ஏர்த் நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், நட் தளர்ந்தால் கோடு விலகும். மார்கழி மழை முடிந்து தை பிறந்ததும் அதைத் திறந்து, லக்குக்குக் கீழே அந்த வட்டம் இன்னும் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.